முதலாளியின் எஸ்.எம்.எஸ்.

தரணீதரன்: …அதத்தான் அம்முணி நானும் கேக்கறேன். எஸ்.எம்.எஸ். இல்லாம ஏரோப்ளேனு பறக்காதுன்னாங்க. ஃபோனு வாங்குனமா, இல்லியா?

இந்துமதி: வாங்குனீங்க சார்.

தரணீதரன்: புது சிம்மு போட்டமா, இல்லியா?

இந்துமதி: போட்டீங்க சார்.

தரணீதரன்: கேண்டீனு, கக்கூசு, நிட்டிங்கு, கட்டிங்குன்னு கம்பெனி முச்சூடும் நம்பரை ஒட்டுனமா, இல்லியா? 'ஆபத்து ஏதும் தெரிந்தால் இந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவும்'னு?

இந்துமதி: ஒட்டுனீங்க சார். நான் அப்ப லீவுல இருந்தேனுங்க. இருந்திருந்தா…

தரணீதரன்: அப்பறம் ஏன் அந்த டிரைவரு வண்டிய எடுக்க மாட்டேங்கறான்?

இந்துமதி: கேப்டனுங்க சார். கேப்டன் பூபாலன்.

தரணீதரன்: ஓட்டறவன் டிரைவரு. டிரைவர் கேபின்லதான உக்கார்றான்?

இந்துமதி: சார், மெதுவாப் பேசுங்க. அக்கவுண்ட்ஸ் வரைக்கும் கேக்குது.

தரணீதரன்: கேக்கட்டும்! தரணீதரன் கொழும்பு போறதுக்கு ரெடியாத்தான் இருக்கறான், சம்பந்தி ஊட்டையே கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ரெடியா இருக்கறான், அந்த டிரைவருதான் எடுக்க மாட்டேங்கறான்னு எல்லாத்துக்கும் கேக்கட்டும்!

இந்துமதி: …கேட்டுருச்சுங்க சார். டைப் அடிக்கற சத்தம் நின்னுருச்சு.

தரணீதரன்: ம். இப்பச் சொல்லு.

இந்துமதி: பறக்கறதுக்கு அனுமதி குடுக்கறவங்க கேட்ட எஸ்.எம்.எஸ். வேறங்க. ஃபோன்ல அனுப்பறது இல்ல. சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம். மூணு எழுத்து ஒண்ணாப் போச்சு, அவ்வளவுதான்.

தரணீதரன்: இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?

இந்துமதி: மெயில்ல சொல்லித்தானுங்க இருந்தாங்க. நீங்க மொத வரியிலயே ஃபோன் வாங்கக் கெளம்பிட்டீங்க.

தரணீதரன்: சரி உடு. அது என்ன சிஸ்டம்? நம்ம ஏரோப்ளேனு, நம்ம பெட்ரோலு, நம்ம சனம். டிக்கெட்டா விக்கறோம்?

இந்துமதி: சொந்த ஜெட்டுன்னாலும் வெளிநாட்டுக்குப் பறக்கோணும்னா அது வேணுமுங்க. எது எது ஆபத்துன்னு நாமளே தேடோணும். எவ்வளவு பெருசுன்னு எடை போடோணும். அதைக் கொறைக்கோணும். கொறைஞ்சுதா இல்லையான்னு மறுபடி பாக்கோணும்.

தரணீதரன்: கொழும்பெல்லாம் ஒரு வெளிநாடா? தாராபுரம் போற நேரங்கூட ஆவாது.

இந்துமதி: தாராபுரம் போற வழியில கடல் இல்லீங்களே சார்.

தரணீதரன்: வாயி… நெம்ப வாயி உனக்கு. சரி, துணி வாங்கற பையரு ஆடிட்டுக்கு வர்றப்ப பண்ணுவமே, அதையே பண்ணிரு. செவப்பு பக்கெட்டுல மண்ணு. மொதலுதவிப் பெட்டி. 'வழி'ன்னு பச்சையில ஒரு அம்பு. டிரைவருக்கு மாஸ்கு மாட்டி உட்டுரு.

இந்துமதி: ஏரோப்ளேன்ல மண்ணு பக்கெட்டுங்களா?

தரணீதரன்: சின்ன பக்கெட்டா வையி.

இந்துமதி: இது ஆடிட்டு அன்னைக்கு மட்டும் காட்டறது இல்லீங்க சார். தெனமும் இருக்கோணும். அப்பறம், பொறுப்பாளின்னு ஒருத்தர் பேரு போடோணும்.

தரணீதரன்: வாட்ச்மேன் பழனிமுத்து பேரப் போடு.

இந்துமதி: ஏரோப்ளேனுக்கு வாட்ச்மேனா பொறுப்பு?

தரணீதரன்: மில்லு ஃபயருக்கு அவன் பேரத்தான போட்டிருக்கறோம்? ஒண்ணும் கொறையில்லையே.

இந்துமதி: இன்னும் தீப்புடிக்கலீங்க, அதனால கொறையில்ல. இதுல அது செல்லாது. யாரு கையில முடிவு இருக்குதோ அவருதான் பொறுப்பாளி. உங்க பேரைத்தான் போட்டிருக்கேன்.

தரணீதரன்: என்ற பேரா? என்னக் கேக்காம…

இந்துமதி: கையெழுத்து வாங்கினேனுங்களே. நீங்க படிக்கல.

தரணீதரன்: எங்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு எனக்கே… சரி, போச்சாது. எல்லாந்தான் பண்ணியாச்சில்ல? டிரைவருக்கு இன்னும் என்னவாம்?

இந்துமதி: நீங்க ஒட்டுன நம்பருதானுங்க சார். ஆபத்து இருந்தா சொல்லுன்னு ஊரையே கூப்பிட்டீங்க. சொல்லிட்டாங்க. வந்ததையெல்லாம் ஒண்ணு உடாம பாத்தாகோணும்.

தரணீதரன்: என்ன சொல்லிருக்கறாங்க? படி.

இந்துமதி: 'கேண்டீன் சாம்பாரில் பல்லி. ஆபத்து.' 'நாலாம் லைன் சூப்பர்வைசர் ஆபத்து. குறிப்பாகப் பெண்களுக்கு.'

தரணீதரன்: யாரவன்? அந்த மீசைக்காரனா?

இந்துமதி: அவரேதானுங்க. நேத்தே கூப்பிட்டு விசாரிச்சாச்சு. இது தெக்கத்தி ஆளு போல: 'பிரஸ்ஸிங் டேபிள்ல கைய வச்சா சுள்ளுனு ஷாக் அடிக்கி. ஒருநா ஆளு போயிரும், பாத்துக்கிடுங்க.'

தரணீதரன்: ஏரோப்ளேன்ல எங்க பிரஸ்ஸிங் டேபிளு?

இந்துமதி: அதை அவங்களுக்குச் சொல்லலீங்களே நீங்க. இது இந்தி: 'மாலிக், பீச்சே கா ஷட்டர் பந்த் ஹை. ஆக் லகா தோ கிதர் ஜாயேங்கே?'

தரணீதரன்: என்னங்கறான்?

இந்துமதி: பின்னாடி ஷட்டரு பூட்டியிருக்குது, தீப்புடிச்சா நாங்க எங்க போறதுங்கறான். இதே மாதிரி நெறைய வந்திருக்குதுங்க. தமிழ்லயும்.

தரணீதரன்: முன்னாடி வரட்டும். பின்னாடி ஷட்டரைத் தொறந்து வச்சா துணி ரோலு தானா நடந்து போயிருது. ஆடிட்டு அன்னைக்குத் தொறந்து உடறோமில்ல? அடுத்தத படி.

இந்துமதி: அடுத்ததுதானுங்க கேப்டனுக்குப் பிரச்சனை.

தரணீதரன்: ம்… படி, படி. சத்தமாவே படி.

இந்துமதி: 'வெள்ளிக்கிழமை ஏரோப்ளேனில் வரும் ஆளில் ஒருத்தருக்கு மூடுன எடம் ஆகாது. மேலே போனால் நெஞ்சு அடைக்கும். பாதி வழியில் ஷட்டரைத் தொறந்து போடுவார். டிரைவர் வண்டியை எடுக்க வேண்டாம். இப்படிக்கு, ஒரு தொழிலாளி.'

தரணீதரன்: அடக் கெரகமே!

இந்துமதி: ஆமாங்க.

தரணீதரன்: எவ்வளவு பெரிய ஆபத்து பாத்தியா அம்முணி? நல்லவேளை, எவனோ புண்ணியவான் சொன்னான். இதுக்கு மேல போக முடியுமா? முடியாது. டிரைவரு சொல்றதுதான் ஞாயம். நெம்ப வருத்தந்தான் எனக்கு. ஆனா உசுரு பெருசில்லியா? இப்பவே சம்பந்திக்கு ஃபோனப் போட்டு…

இந்துமதி: சார்.

தரணீதரன்: என்ன?

இந்துமதி: வருத்தம் மொகத்துல தெரியலீங்களே.

தரணீதரன்: உள்ளுக்குள்ள இருக்குது.

இந்துமதி: இப்பத்தான் டிரைவரு எடுக்க மாட்டேங்கறான்னு குதிச்சீங்க.

தரணீதரன்: அப்ப விசயம் தெரியல. இப்பத் தெரிஞ்சுது. அனுப்புனவன் எவன்னு மட்டும் கண்டுபுடி, அவன… இல்ல இல்ல, வேண்டாம். கண்டுபுடிக்காத. சொன்னவனத் தேடக் கூடாதுன்னு அந்த சிஸ்டத்துல இருக்குதில்ல?

இந்துமதி: இருக்குதுங்க. தேடக் கூடாது, திட்டக் கூடாது, தண்டிக்கக் கூடாது. அதை மட்டும் படிச்சிருக்கீங்க போல.

தரணீதரன்: கண்ணுல பட்டுது.

இந்துமதி: ஆனா ஃப்ளைட்டை நிறுத்தோணும்னு இல்லீங்க சார். ஆபத்து அந்த ஒரு ஆளுதான். அவரை எறக்கி உட்டுட்டா மத்தவங்க போலாம். கேப்டன் ஒத்துக்கிட்டாரு.

தரணீதரன்: …எறக்கியா?

இந்துமதி: ஆமாங்க.

தரணீதரன்: யாருன்னே தெரியாது. எப்படி எறக்குவ?

இந்துமதி: ஒவ்வொருத்தரா விசாரிச்சுட்டேனுங்க. சம்பந்தி ரெண்டு பேரும் ஃப்ளைட்லதான் காசிக்குப் போயிட்டு வந்திருக்காங்க. சம்பந்தியம்மா வழியெல்லாம் தூங்கினாங்களாம்.

தரணீதரன்: அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அவங்களாத்தான் இருக்கும்.

இந்துமதி: மாத்திரை சாப்பிடறாங்க, டாக்டர் போலாம்னுட்டாரு. உங்க பொண்ணு தேஜஸ்ரீ பாப்பா படிச்சதே வெளிநாட்டுல. மாப்பிள்ளையும் அப்படியே. உங்க மச்சான் மாரப்பன் சார் மாசாமாசம் துபாய் போறவரு.

தரணீதரன்: மாரப்பன்தான்! வாய்தான் ஒசரம் அவனுக்கு. உள்ளுக்குள்ள கோழி. போன பொங்கலுக்கு எங்கூட்டு நாயப் பாத்துட்டு கார உட்டு எறங்கவே இல்ல.

இந்துமதி: நாய்க்குத்தானுங்க பயந்தாரு. உங்க ஊட்டு அக்கா போன வருசம் சிங்கப்பூர் டூர் போயிட்டு வந்தாங்க.

தரணீதரன்: …அப்ப எல்லாரும் ஆச்சா?

இந்துமதி: இன்னும் ஒருத்தர் பாக்கிங்க சார்.

தரணீதரன்: டிரைவரு!

இந்துமதி: சார்…

தரணீதரன்: ஏன், டிரைவருக்கு நெஞ்சடைக்கக் கூடாதா? மனுசந்தான அவனும்?

அன்புசெல்வி: ஏனுங்க மாமா, உள்ள வரலாங்களா? யாருக்கு நெஞ்சடைக்குது?

தரணீதரன்: வா அன்பு. யாருக்கும் இல்ல. நீ எங்க, கம்பெனிப் பக்கம்?

அன்புசெல்வி: சம்பந்திக்குச் சீலை எடுக்கப் போறேனுங்க. வழியில எட்டிப் பாத்தேன். இந்து, நல்லா இருக்கறயா கண்ணு?

இந்துமதி: இருக்கேனுங்க அக்கா.

அன்புசெல்வி: கொழும்புக்கு ஊத்துக்குளி வெண்ணெ ரெண்டு கிலோ சொல்லியிருக்குது மாமா. ஏரோப்ளேன்ல உருகிருங்களா?

தரணீதரன்: ஏரோப்ளேனே போறது சந்தேகம். அதாவது, எனக்கு இல்ல. டிரைவருக்கு. பாதுகாப்பு சிஸ்டம்னு ஒண்ணு இருக்குது, அது உனக்குப் புரியாது.

அன்புசெல்வி: அப்படீங்களா? சம்பந்தியம்மா இப்பத்தான் ஃபோன்ல கேட்டாங்க, சன்னல் சீட்டு யாருக்குன்னு. எங்க மாமாவுக்குத்தான்னு சொல்லிட்டேன். மேகத்த எல்லாம் குனிஞ்சு பாக்கலாமாமுங்க.

தரணீதரன்: …குனிஞ்சா?

அன்புசெல்வி: கீழ ஒண்ணுமே இருக்காதாமுங்க. வெறும் நீலந்தானாமுங்க.

தரணீதரன்: இந்து… தண்ணி.

இந்துமதி: இந்தாங்க சார்.

அன்புசெல்வி: என்னுங்க மாமா, வேர்க்குது? ஏசி ஓடலீங்களா?

தரணீதரன்: ஓடுது ஓடுது. சோலி நெறைய.

அன்புசெல்வி: எங்கண்ணன் மாரப்பன் கிண்டல் பண்றான். 'மாப்பிள்ளை ஏரோப்ளேனு வாங்கி, ஆயுத பூசைக்குப் பூசணிக்கா ஒடச்சு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சதோட சரி, படியில ஒரு காலக்கூட வைக்கல'ங்கறான். நான் உட்டுருவனா? 'பயந்தாங்கொள்ளி எவனாச்சும் ஏரோப்ளேனு வாங்குவானா'ன்னு கேட்டுப்போட்டேன்.

தரணீதரன்: நல்லாக் கேட்ட.

அன்புசெல்வி: வாய மூடிக்கிட்டான். சரிங்க, நான் கார்ல இருக்கறேன். இந்து, அந்தச் சோலிய வெசையா முடிச்சுரு கண்ணு.

இந்துமதி: முடிச்சுர்றேனுங்க அக்கா.

தரணீதரன்: …எந்தச் சோலி?

இந்துமதி: இந்த சிஸ்டம்தானுங்க. கதவைச் சாத்தட்டுங்களா சார்?

தரணீதரன்: முழுசாச் சாத்தாத. கொஞ்சம் சந்து இருக்கட்டும்.

இந்துமதி: எப்பவும் சந்து உட்டுத்தான் வைப்பீங்க. இப்பத்தான் காரணம் புரியுது.

தரணீதரன்: என்ன புரியுது? காத்து வரட்டும்னு…

இந்துமதி: சார், விமானத்துக் கதவை ஷட்டருன்னு சொல்றவரு இந்தத் திருப்பூர்ல எத்தன பேருங்க?

தரணீதரன்: எல்லாருந்தான் சொல்லுவாங்க.

இந்துமதி: கேப்டனை டிரைவருன்னு?

தரணீதரன்: தொழிலாளி அப்படித்தான் சொல்லுவான். அவனுக்கு என்ன தெரியும் பாவம்?

இந்துமதி: சரிங்க. அந்த மெசேஜு எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்னு பாத்தேன்.

தரணீதரன்: தேடக் கூடாதுன்னியே!

இந்துமதி: தேடலீங்க. மேலயே நிக்குது. ஆபத்து ஃபோனுக்கு ஆபத்து ஃபோன்லேர்ந்தே வந்திருக்குதுங்க சார். அதே நம்பரு. அதுக்கு அதுவே அனுப்பிக்கிட்டிருக்குது. மெசேஜு வந்த ஞாயித்துக்கெழம முச்சூடும் அந்த ஃபோனு உங்க மேசை டிராயர்ல இருந்துச்சு. சாவி உங்க இடுப்புல.

தரணீதரன்: …என்ற ஃபோன்ல அனுப்புனா பேரு தெரிஞ்சுருமேன்னுதான்…

இந்துமதி: நல்ல யோசனைங்க.

தரணீதரன்: சிரிக்காத.

இந்துமதி: சிரிக்கலீங்க. இருமல்.

தரணீதரன்: எனக்கு ஆவாது அம்முணி. மூடுன எடம் ஆவாது. நம்ம கம்பெனி லிஃப்டுலகூட ஏற மாட்டேன், கவனிச்சிருப்ப. நான் பனியன் கம்பெனியில கைமடிக்கிற பையனா இருந்த காலத்துல, சின்னப் பசங்க வேலை செய்யறாங்களான்னு செக்கிங் வந்துச்சுன்னா பொடிசுகளைப் பூரா கோடவுன்ல தள்ளி ஷட்டர எறக்கிப்போடுவாங்க. ஒருக்கா, செக்கிங் முடிஞ்சு தொறக்க மறந்துட்டாங்க. மறுநா காலையிலதான் தொறந்தாங்க. அதுலேர்ந்து… என்னமோ. மூடுனா தொறக்கோணும்போல இருக்குது.

இந்துமதி: ம்.

தரணீதரன்: அங்க மேல எப்படித் தொறப்ப?

இந்துமதி: மேல போயிட்டா அந்தக் கதவை ஆரு நெனச்சாலும் தொறக்க முடியாதுங்க சார். காத்தழுத்தம் உடாது. அந்த பயமே வேண்டாம்.

தரணீதரன்: அதக் கேட்டா இன்னும் அடைக்குது!

இந்துமதி: அப்பறம் ஏனுங்க சார் வாங்குனீங்க?

தரணீதரன்: நிறுத்தி வைக்கத்தான் வாங்குனேன். ஏறி உக்காரவா வாங்குனேன்? ஏரோப்ளேனு வச்சிருக்கறவருன்னு சொன்னா பையரு ஒரு தினுசா எந்திரிச்சு நிக்கறான், மாரப்பன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். போதாதா? இந்த சம்பந்தியம்மா, 'ஒரே ஒரு ஆசை, உங்க ஏரோப்ளேன்ல ஒரு நடை கூட்டிட்டுப் போங்க'ன்னு சபையில கேட்டுப்போட்டாங்க. இல்லைன்னு சொல்ல முடியுமா? நான் ஏறலைன்னா ஊரே சிரிக்கும். ஏறுனா… நீயே சொல்லு.

இந்துமதி: ஒரு வழி இருக்குதுங்க.

தரணீதரன்: சொல்லு கண்ணு. என்ன வேணும்னாலும் பண்றேன்.

இந்துமதி: நீங்கதான பொறுப்பாளி?

தரணீதரன்: பழனிமுத்து பேரப் போடுன்னேன், கேட்டியா?

இந்துமதி: போட்டிருந்தா இந்த வழி கெடையாதுங்க. நம்ம மேனுவல்ல ஒரு வரி இருக்குது. 'விமானம் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கும் நேரம் முழுவதும் பொறுப்பாளி தரையில், தொலைபேசி அருகில் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் விமானத்தில் ஏறக் கூடாது.'

தரணீதரன்: …இன்னொருக்கா படி.

இந்துமதி: எக்காரணம் கொண்டும் விமானத்தில் ஏறக் கூடாது.

தரணீதரன்: சட்டத்துலயே இப்படி இருக்குதா?

இந்துமதி: சட்டத்துல இல்லீங்க. நம்ம கம்பெனி மேனுவல்ல இருக்குது. சட்டம் கேக்கறதுக்கு மேல எச்சா நாம எழுதிக்கலாம். கொறைக்கத்தான் கூடாது. கேப்டனும் படிச்சுட்டு, நல்லதுதான்னுட்டாரு.

தரணீதரன்: பொறுப்பாளி தரையில இருக்கோணும்… அடேயப்பா! 'எனக்கும் ஆசைதானுங்க சம்பந்தி, ஆனா ரூல்சு உடமாட்டேங்குது'ங்கலாம். மாரப்பங்கிட்ட, 'உன்ன மாதிரி சும்மா ஏறி உக்கார்ற ஆளா நான், பொறுப்பு இருக்குதுல்ல'ன்னு கேக்கலாம். அம்முணி, நீ தங்கம்!

இந்துமதி: ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க சார்.

தரணீதரன்: என்ன?

இந்துமதி: அந்த ஃபோனுக்கு வந்ததுல உங்க மெசேஜை மட்டும் முடிச்சுட்டேன்னு எழுத முடியாதுங்க. பின்னாடி ஷட்டரையும் முடிக்கோணும். பிரஸ்ஸிங் டேபிளுக்கு எலக்ட்ரீசியன் வந்துட்டாரு. ஷட்டர் சாவி உங்ககிட்டத்தான் இருக்குது.

தரணீதரன்: ஏரோப்ளேனு வேற, மில்லு வேற. ரெண்டையும் எதுக்குக் கோக்கற?

இந்துமதி: ரெண்டுக்கும் ஒரே நம்பரை ஒட்டுனது நீங்கதானுங்க.

தரணீதரன்: துணி ரோலு…

இந்துமதி: உள்ளேர்ந்து தள்ளுனாத் தொறக்கும், வெளியேர்ந்து தொறக்காது, அப்படிக் கதவே விக்குதுங்க. அதைப் போடற வரைக்கும் பழனிமுத்து அங்க உக்காரட்டும். அவருக்கும் ஒரு பொறுப்பு கெடச்ச மாதிரி ஆச்சு.

தரணீதரன்: நாளைக்குப் பாக்கலாமே…

இந்துமதி: சார். கோடவுன்ல ஷட்டரு எறங்குனா எப்படி இருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்லோணுங்களா? வெள்ளிக்கிழமை சன்னல் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்குதுங்க.

தரணீதரன்: இந்தா! புடி சாவிய. பெருசா இருக்கறதுதான் பின் ஷட்டரு. போய்த் தொற.

இந்துமதி: நன்றிங்க சார்.

தரணீதரன்: இரு, இரு. அன்பு கார்ல காத்துக்கிட்டிருப்பா, நானே போயி இந்த ரூல்ச அவகிட்டச் சொல்லிக்கறேன். மொகத்த எப்படி வச்சுக்கறது… வருத்தமாட்டம் இருக்குதா இப்ப?

இந்துமதி: கொஞ்சம் கொறைச்சுக்குங்க. சாவு ஊட்டு மொகமாட்டம் இருக்குது.

தரணீதரன்: இப்ப?

இந்துமதி: இது போதுமுங்க.

தரணீதரன்: கண்ணு, ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. மாரப்பனுக்குத் தெரிஞ்சாக்கூடப் போச்சாது, தாங்கிக்குவேன். எனக்கு பயம்ங்கறது என்ற சம்சாரத்துக்கு மட்டும் தெரியவே கூடாது. இந்த ரூல்சு நெசமான ரூல்சுன்னே அவ நம்போணும்.

இந்துமதி: சார்…

தரணீதரன்: என்ன இழுக்கற? நம்ப மாட்டாளா?

இந்துமதி: அந்த வரி நானா எழுதுனது இல்லீங்க சார். உங்க மெசேஜு வர்றதுக்கு முந்தின வாரமே, கார்ல உக்காந்துக்கிட்டு அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் மட்டுந்தான் அடிச்சேன்… ஷட்டர் சாவி ஒண்ணுதானுங்க நானாச் சேர்த்துக்கிட்டது.